கணக்குப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்

ரம்மியில் பல வருஷம் பொய்ப் புள்ளி சொன்னவன் நான். சீட்டை மடியில் ஒளித்ததில்லை. அடுத்தவர் கையை எட்டிப் பார்த்ததில்லை. சீட்டின் முதுகில் நகத்தால் கீறி அடையாளம் வைத்ததும் இல்லை. அப்படிச் செய்கிறவர்களைக் கேவலமாகப் பேசியும் இருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள் கையில் மிச்சமுள்ள புள்ளியைக் கூட்டிச் சொல்வார்களே, அந்த ஓர் இடத்தில்தான் என் திருட்டு.

ரம்மி தெரியாதவர்களுக்கு (இந்த ஊர்ப் பக்கம் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்) இவ்வளவு தெரிந்தால் போதும். ஆளுக்கு 13 சீட்டு. ஜோக்கர் கலக்காமல் ஒரே ஜாதியில் வரிசையாகக் குறைந்தது மூன்று சீட்டு சேர வேண்டும், அதுதான் லைஃப். இரண்டாவதாக இன்னொரு வரிசை வேண்டும், அதில் ஜோக்கர் இருக்கலாம். இந்த இரண்டும் கையில் இருந்தால்தான் மற்றச் சேர்க்கைகள் செல்லும். ஒருவர் டிக்ளேர் செய்துவிட்டால் மற்றவர்கள் சேராத சீட்டுகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் ஒவ்வொன்றும் 10. லைஃப்பே இல்லாதவனுக்கு ஃபுல், அதாவது 80. நாங்கள் 250 வைத்து ஆடுவோம். 250-ஐத் தாண்டியவர் எழுந்துவிட வேண்டும். வேண்டுமானால் இன்னொரு தரம் பணம் போட்டு, இருப்பவர்களில் யாருக்கு அதிகப் புள்ளியோ அதைவிட ஒன்று கூடுதலாக வைத்து உள்ளே வரலாம். கடைசி வரை உட்கார்ந்திருப்பவருக்குப் பணம்.

என் கையில் மூன்று ராஜா இருக்கும். இரண்டாவது வரிசை சேர்ந்திருக்காது. முறைப்படி அந்த மூன்று ராஜாவுக்கும் 30 புள்ளி உண்டு. இரண்டாவது வரிசையும் சேர்ந்துவிட்ட முகத்தோடு, அந்த முப்பதைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் சத்தமாகக் கூட்டுவேன். ‘ஏழு, ஒன்பது, பத்து... இருபத்தாறு.’ கூட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கை சீட்டுகளை மூடியிருக்கும். சொல்லி முடிக்கும்போது அவை நடுவில் கிடக்கும் குவியலோடு கலந்திருக்கும். பிறகு யார் கேட்டாலும் காட்ட ஒன்றுமில்லை. இவ்வளவு துணிவு எல்லா ஆட்டத்திலும் வராது. பல நாள் ஒரே ஒரு ராணியை மறந்துபோவதோடு சரி. பத்துப் புள்ளி. பத்துப் புள்ளியில் எத்தனையோ ஆட்டம் பிழைத்திருக்கிறேன்.

யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் என் தொழில். திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக இறங்கும். எடை, சாக்குக் கழிவு, இறக்குக் கூலி, கமிஷன் எல்லாம் போக விவசாயிக்கு எவ்வளவு என்று சிட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். சிட்டையில் இருப்பது பேரேட்டுக்கு ஏறும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு பத்து மணிக்குமேல் உட்கார்ந்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் விளக்கை அணைப்பேன். மண்டியில் என் கணக்கை யாரும் திரும்பிக் கூட்டிப் பார்த்ததில்லை. வியாபாரம் இல்லாத நாட்களில் கிட்டங்கிக்குப் பின்னால், காலிச் சாக்குகளை விரித்துப் போட்டு நாங்கள் ஐந்தாறு பேர் சீட்டாடுவோம். அங்கேயும் நோட்டுப் புத்தகம் என் கையில்தான். ஆளுக்கொரு பத்தி, பெயரின் முதல் எழுத்து, கீழே புள்ளிகள். என் புள்ளியை நானே சொல்லி நானே எழுதிக்கொள்வேன். யாருக்காவது தன் கூட்டலில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் நீட்டுவார்கள். ‘கணக்குப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்.’ அடுத்தவர் கையை நான் கூட்டிக் கொடுத்ததில் ஒரு புள்ளி பிசகியிருக்காது. அதை இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும்.

பணத்துக்காகச் செய்தேனா? ஆட்டத்துக்குப் பத்து ரூபாய், அப்புறம் இருபது ரூபாய். அதைக் கொண்டு யாரும் வீடு கட்ட முடியாது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் 250-ஐத் தாண்டி எழுந்தவர் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய், டீயும் வடையும் யாராவது சொன்ன சுருட்டும் வாங்கி வர வேண்டும். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. மண்டியில் முதலாளிக்கு டீ, தரகருக்கு டீ, வெளியூர் வியாபாரிக்கு டீ என்று எல்லாவற்றுக்கும் ‘கணக்கு, ஒரு எட்டு போய்ட்டு வாங்க’ என்பார்கள். பையன் ஒருத்தன் இருந்தாலும் என்னையே சொல்வார்கள். சீட்டுக்கு உட்கார்ந்த இடத்திலாவது நான் ஏவப்படாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. முதல் பொய் டீக்காகத்தான். அடுத்தடுத்த பொய்களுக்கு அந்தக் காரணமும் தேவைப்படவில்லை.

எங்களோடு ஆடியவர்களில் ஒருவர் பூட்டுப் பட்டறைக்காரர். பெயர் வேண்டாம். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. அதற்கு வெகு முன்பே அவர் பட்டறையில் ஆள் குறைந்துவிட்டது. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்க, கையால் ராவி ராவி லீவர் சேர்க்கிறவருக்கு வேலை எங்கிருந்து வரும்? அவருடைய மாங்காய்ப் பூட்டு ஒன்று இன்னும் என் வீட்டு அரிசி அறையில் தொங்குகிறது. சாவியைப் போட்டுத் திருப்பும்போது காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கேட்பார். ஒரு லீவர் மட்டும் சோம்பேறியாக ஏறினால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

ரம்மியும் அப்படியே ஆடுவார். யார் எதை இறக்கினார்கள், யார் எதை எடுத்தார்கள் எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். ‘ஆட்டின் எட்டு ரெண்டும் போயிருச்சு, இனி ஏழும் ஒன்பதும் வச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கீங்க?’ என்று எனக்கே சொல்லியிருக்கிறார். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னதே, அது இந்த அண்ணனைப் போன்றவர்களை நினைத்துத்தான் இருக்க வேண்டும். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் நுழைந்து, காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்த வழக்கு அது. ஆந்திர அரசு எதிர் சத்தியநாராயணா என்று பெயர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதயத்துல்லா. மூன்று சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் ஆட்டம் இல்லை ரம்மி. விழுந்த சீட்டுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்று தெரிய வேண்டும், அதனால் திறமைக்கே இதில் பெரிய பங்கு என்று சொன்னார். வேறு வழியில் சூதாட்டம் நடந்தாலோ கிளப் நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தாலோ அது குற்றம்தான் என்றும் சேர்த்தே சொன்னார். பின்பாதியை எங்கள் சபையில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. முன்பாதியை மட்டும் சுவரில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதை அதிகம் சொன்னது நான். விழுந்த சீட்டில் பாதிகூட எனக்கு ஞாபகம் இருந்ததில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஜெயித்தவர் வரிசையில் என் எழுத்துத்தான் மேலே இருக்கும். ‘மூளை வேணும்ல?’ என்பேன்.

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் 250-க்குக் கீழே நின்றுகொண்டிருந்தால் வேறொருவர் எழுந்தாக வேண்டும். சில மாதம் தொடர்ந்து அந்த வேறொருவர் பட்டறை அண்ணனாகவே இருந்தார். சரியான கையை எடுத்து, சரியாக இறக்கி, சரியாகக் கூட்டிச் சொல்லி, தோற்றார். மறுபடி பணம் போட்டு உள்ளே வருவார், மறுபடியும் தோற்பார். அதே நேரம் பட்டறையில் ஒரு மொத்த ஆர்டர் கைவிட்டுப் போனது. மகளுக்கு வந்த இடம் தட்டிப் போனது. அவர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினார். ஒரு நாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்.

‘கணக்குப்பிள்ளை, நமக்கு நேரம் சரியில்லையோ? கைக்குச் சீட்டு வருது, ஆனா நிக்க மாட்டேங்குது.’

நான் அவரிடம் சொன்னது இதுதான்: ‘உங்களுக்கு ஏழரை நடக்குதுல்லண்ணே. சனி பார்வை அப்படித்தான் இருக்கும். குச்சனூருக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க.’

குச்சனூர் தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனீஸ்வரனே சுயம்புவாக மூலவராக நிற்கும் கோயில். ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாகக் கூட்டம் போகும். துணைக்கு நானும் போனேன். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று வழிநெடுக அவர் எதுவும் பேசவில்லை. சுரபி ஆற்றில் முங்கி எழுந்தார். கருப்புத் துணியில் எள் முடிந்து நல்லெண்ணெயில் விளக்குப் போட்டார். கை நடுங்கியதில் எண்ணெய் என் வேட்டியில் சிந்தியது. அவருடைய செருப்பை நான் பார்த்துக்கொண்டேன். போக வர பஸ்ஸுக்குப் பணமும் நானே கொடுத்தேன். ‘எதுக்குக் கணக்குப்பிள்ளை?’ என்று தடுத்தார். அந்த மாதம் ஜெயித்த பணம்தான் என் பையில் இருந்தது.

குச்சனூர் போய் வந்த பிறகு சில வாரம் நான் ஒழுங்காகக் கூட்டிச் சொன்னேன். அவர் ஜெயித்தார். ‘பாத்தீங்களா, அவனைப் போய்ப் பாத்துட்டு வந்தா கைவிட மாட்டான்’ என்றார். ஒரு மனிதருடைய சனியையே ஏற்றி இறக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு பழையபடி ராணிகள் மறந்துபோகத் தொடங்கின. அவர் ஒரு நாள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, இனி வேண்டாம், நமக்கு ராசியில்லை என்று எழுந்து போனவர்தான். பட்டறையையும் மூடிவிட்டார். மூடியதற்கு என் பொய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அலிகார் பூட்டுக்கு என் மூன்று ராஜா தேவையில்லை. ஆனால் ஒரு மனுஷன் தன் கைத்தொழில் கெட்டுப்போன காலத்தில், தன் புத்தியும் தன் நேரமும்கூடக் கெட்டுவிட்டதாக நம்பினார். அந்த நம்பிக்கையை ஊட்டியதில் எனக்குப் பங்கு உண்டு.

இதற்கு நடுவே எனக்கு ஒரு நல்ல பெயரும் கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் ரம்மி வந்து தமிழ்நாட்டையே ஆட்டி வைத்த காலம். கடன்பட்டுச் செத்தவர்கள் செய்தி அடிக்கடி பேப்பரில் வரும். நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி 2023-ல்தான் ஒப்புதல் வாங்கினார்கள். அதே 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து, பணம் கட்டி ஆடும் செல்போன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டது. இத்தனை வருஷமும் என் வீட்டில் என்னைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். ‘பெரியப்பாவைப் பாரு, எவ்வளவு பெரிய ரம்மி ஆட்டக்காரர், ஒரு நாளாவது போன்ல தொட்டிருப்பாரா?’ தொட்டேன். கொஞ்ச நாள் ஆடினேன். தோற்ற மறு நொடியே அந்தச் செயலி என் 13 சீட்டையும் எல்லார் கண்ணுக்கும் விரித்துப் போட்டு, புள்ளியைத் தானே கூட்டிக் காட்டியது. எனக்கு அங்கே வேலையே இல்லை. பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். என் ஒழுக்கம் அவ்வளவுதான்.

என் தங்கை மகள் கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் லீவில் வந்தவள் பெட்டியில் ஒரு மரப்பலகை கொண்டுவந்தாள். நீளமான பலகை, நெடுக வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், செருகுவதற்குக் குச்சிகள். முதலில் பார்த்தபோது ஏதோ வெள்ளைக்காரப் பல்லாங்குழி என்று நினைத்தேன். ‘கிரிபேஜ் மாமா. அங்க ஆஸ்பத்திரில வயசானவங்க எல்லாரும் இதைத்தான் ஆடுவாங்க. எனக்கும் அவங்கதான் கத்துக்கொடுத்தாங்க. நீங்கதான் பெரிய சீட்டு ஆளாச்சே, வாங்க’ என்றாள்.

இரண்டு பேர் ஆட்டம். ஆளுக்கு ஆறு சீட்டு. இரண்டைக் கவிழ்த்துத் தனியே போட வேண்டும். அப்படி இருவரும் போட்ட நான்கு சீட்டுக்குக் கிரிப் என்று பெயர். அது சீட்டைக் கலைத்துப் பிரித்துக் கொடுத்தவருக்குச் சேரும். கட்டை வெட்டி ஒரு சீட்டைத் திறந்து வைக்க வேண்டும், அது இருவருக்கும் பொது. முதலில் ஆளுக்கொரு சீட்டாக இறக்கி 31-ஐத் தாண்டாமல் கூட்டிக்கொண்டே போவது ஒரு பாதி. பிறகு அவரவர் கையைக் காட்டி எண்ணுவது மறு பாதி. எந்தச் சீட்டுகளைக் கூட்டினால் 15 வருகிறதோ அதற்கு 2 புள்ளி. ஜோடிக்கு 2. வரிசைக்கு எத்தனை சீட்டோ அத்தனை புள்ளி. 121-ஐ முதலில் தொட்டவர் ஜெயித்தார்.

எனக்கு அந்தப் பலகைதான் வியப்பாக இருந்தது. ஆளுக்கு இரண்டு குச்சி. புள்ளி எடுத்தால் முன்னால் நிற்கும் குச்சியைத் தொடக் கூடாது. பின்னால் நிற்பதை எடுத்து, முன்னதைத் தாண்டி, அத்தனை ஓட்டை எண்ணி வைக்க வேண்டும். அப்போது பழைய இடம் அழியாமல் நிற்கும். இப்போது எத்தனை ஏறினாய் என்பதை எதிரில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் பேரேடு எழுதியவனுக்கு இது உடனே விளங்கியது. முந்தின இருப்பு, புதிய வரவு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அழிக்க வழியில்லை. இதைச் செய்தவன் என்னைப் போல் ஒருவனைப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

பிறகு படித்துப் பார்த்தேன். கிரிபேஜைக் கண்டுபிடித்தவர் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கவிஞர் சர் ஜான் சக்லிங் என்று அந்தக் காலத்து வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர் ஜான் ஆப்ரே எழுதி வைத்திருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கவிஞர் ரகசியக் குறி வைத்த சீட்டுக்கட்டுகளை நாடெங்கும் சூதாட்ட விடுதிகளுக்கு அனுப்பி, அதிலேயே 20,000 பவுண்டு சம்பாதித்தார் என்றும் எழுதியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த நேரம் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்றால், நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். ஒரு கை நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டின் ஏழு, இஸ்பேட் எட்டு, கிளாவர் எட்டு, டைமன் ஒன்பது. திறந்த சீட்டு ஒரு ரெண்டு. நான் எண்ணினேன்: ஏழும் எட்டும் பதினைந்து, ரெண்டு, இன்னொரு எட்டோடு பதினைந்து, நாலு, ஜோடி, ஆறு, ஏழு எட்டு ஒன்பது வரிசை, ஒன்பது. ‘ஒன்பது’ என்று குச்சியை எடுத்தேன்.

‘பன்னிரண்டு மாமா. எட்டு ரெண்டு இருக்குல்ல, அப்ப வரிசையும் ரெண்டு. விட்டுட்டீங்க. மூணு எனக்கு.’

அப்படி ஒரு விதி இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமானால் விடலாம், இவள் வைத்துக்கொண்டாள். நம் கையில் உள்ள புள்ளியை நாம் எண்ணத் தவறினால் எதிரில் இருப்பவர் சொல்லித் தானே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கையிலும் இரண்டு விட்டேன். அதற்கடுத்ததில் நாலு. ஏன் என்று முதலில் புரியவில்லை. மண்டியில் நாற்பது மூட்டைக்குக் கமிஷனை வாயாலேயே சொல்கிறவன் நான். நாலு சீட்டைக் கூட்டத் தெரியாதா? படுத்த பிறகுதான் பிடிபட்டது. சீட்டைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகக் கூட்டும்போது என் வாய் தானாகவே குறைத்துச் சொல்கிறது. ரம்மியில் குறையச் சொன்னவனுக்கு லாபம். இங்கே கூடச் சொல்ல வேண்டும். என் நாக்குக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பழகிய பக்கமே இழுத்தது. இதைத் திருத்த நினைத்து மறுநாள் கூடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு கைக்கு 19 என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த ஆட்டத்தில் எந்தக் கையிலும் 19 வரவே வராதாம். கையில் ஒன்றுமே தேறாதவர்கள்தான் கேலிக்குப் பத்தொன்பது என்பார்களாம்.

அவளிடம் சொன்னேன். முழுதும் சொன்னேன், குச்சனூர் வரை. அவள் அதிர்ச்சியாகவில்லை. ஆஸ்பத்திரியில் இதைவிடப் பெரிய கதைகள் கேட்டிருப்பாள் போல. ‘அந்தப் பெரியவர் இருக்காரா?’ என்றாள். இருக்கிறார், சின்னாளபட்டியில் மகள் வீட்டில். ‘அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகுமே மாமா.’

போகும். அதுதான் கஷ்டம். தூரம் என்று சொல்ல முடியாது. நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்குகள் இன்னும் சில உண்டு. வயதானவர், தாங்க மாட்டார் என்பது ஒன்று; பூட்டு ராவிய கை அது, அவர் தாங்குவார். சில்லறைக் காசுதானே என்பது ஒன்று; காசு இதில் இல்லை என்று மேலே நானே எழுதிவிட்டேன். எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் பரணில் இருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பத்தி பத்தியாக என் கையெழுத்து. எந்த 26 உண்மை, எந்த 26 முப்பதைத் தள்ளியது என்று எனக்கே தெரியவில்லை. கூட்டினால் எல்லாம் சரியாக வருகிறது. எங்கேயும் இடிக்கவில்லை.

தங்கை மகள் ஊருக்குப் போகும்போது பலகையை என்னிடமே விட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டி பஸ் ஏறினேன். சுங்குடிச் சேலைகள் காயும் தெருவைத் தாண்டி வீடு. அண்ணன் திண்ணையில் இருந்தார். கண் கொஞ்சம் மங்கல், காது முன்பு போலவே. பலகையை வாங்கி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்து, ‘துளை ஒரே அளவா விழுந்திருக்கு, நல்ல டிரில்லு’ என்றார். சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இது என் பழைய குணம். கொடுக்க வேண்டிய இடத்தில் வேறெதையாவது கொடுத்துவிட்டு வருவது. பஸ் டிக்கெட்டும் அந்த வகைதான்.

அவர் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். கிரிப்பில் நான் எதைப் போட்டிருப்பேன் என்று, நான் இறக்குகிற முதல் சீட்டை வைத்தே கணித்தார். விட்டதை எடுத்துக்கொள்ளும் விதி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ‘கணக்குப்பிள்ளை, கிளாவர் ஆறை எண்ணல. ரெண்டு எனக்கு.’ மூன்றாவது ஆட்டத்தில் என் குச்சி பாதி வழியில் நிற்க, அவருடையது 121-இல் போய் உட்கார்ந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

‘எத்தனை வருஷம் கழிச்சு உங்கள ஜெயிச்சிருக்கேன்’ என்றார். ‘சனி விட்டுட்டான் போல.’

‘ஆமாண்ணே’ என்றேன்.